ரஹ்மூனி பெட்டியில் நான்காம் தாள்

மிலியானாவில் வஹீபா ஸெர்ரூக்கியைப் பயமறியாதவள் என்றுதான் சொல்வார்கள். தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில், மலைச்சாலையில் பேருந்தை மறித்து ஆட்களை இறக்கிக் கொன்ற அந்தக் கெட்ட வருடங்களிலும்கூட, காலை எட்டரைக்கு வரலாற்றுச் சங்கத்தின் கதவு திறக்காமல் இருந்ததில்லை. திறப்பவள் அவள்தான். சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் அவள். மற்றவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ஒரு நோட்டரி, ஒரு மருத்துவர். வாரத்துக்கு ஒருமுறை கூடி, காபி குடித்து, சண்டை போட்டுக் கலைவார்கள்.

சங்கம் என்றால் பழைய வீடொன்றின் மூன்று அறைகள். ஊர்க் குடும்பங்கள் தங்கள் காகிதங்களை பிஸ்கட் டப்பாவிலும் ரவைச் சாக்கிலும் தலையணை உறையிலும் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும். திருமண ஒப்பந்தம், வாய்க்கால் தண்ணீருக்கான வழக்கு, பிரான்சில் வேலைக்குப் போன மகன் எழுதிய கடிதம். வஹீபா துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவாள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவாள். மடிப்புகளை ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி நிமிர்த்துவாள். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் பென்சிலால் எண் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்குவாள். ஒரு தாள்கூட அந்தக் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது விதி. பதினாறு வருடத்தில் போனதில்லை.

வருடத்துக்கு இரண்டு மாணவர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்கு ஒரு மேசை, எரிவாயுக் கணப்பு, பேருந்துச் செலவு, குடும்பங்களிடம் காட்ட ஓர் அறிமுகக் கடிதம். பதிலுக்கு அவர்கள் ஆய்வின் ஒரு பிரதியைச் சங்கத்துக்குத் தர வேண்டும். அவர்களுக்குப் பெட்டி எடுத்துக் கொடுப்பதும், கையெழுத்துப் புரியாதபோது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வதும் வஹீபாவின் வேலை. ஊரில் செத்துப்போன பாதிப் பேரின் கையெழுத்து அவளுக்கு அத்துப்படி.

அவளுடைய தகப்பன் லார்பி ஸெர்ரூக்கி எழுதத் தெரியாதவன். கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் சமவெளிக்கும் ஊருக்கும் சரக்கு ஏற்றிப் பிழைத்தவன். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்த காலத்தில், 1958 வசந்தத்தில், ஊற்றுக்குப் போகும் பாதையோரம் சுடப்பட்டுக் கிடந்தான். வஹீபாவுக்கு அப்போது இரண்டு வயது. தம்பி நூரதீன் தாயின் வயிற்றில். பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டார்கள் என்று அம்மா சொன்னாள், ஊரும் அப்படியே சொன்னது. விடுதலைக்குப் பிறகு நகராட்சி எழுப்பிய பளிங்குக் கல்லில் அவன் பெயரும் ஏறியது. தியாகியின் மகள் என்றுதான் வஹீபாவுக்குப் பள்ளியில் முதல் வரிசை கிடைத்தது. தியாகியின் மகன் என்றுதான் நூரதீனுக்கு நகராட்சியில் வேலை.

2006 நவம்பரில் ப்ளிதாவிலிருந்து அனீஸ் ரஹ்மூனி என்ற பல் மருத்துவர் ஒரு மருந்துப் பெட்டியோடு வந்தார். இறந்துபோன தன் தகப்பன் தாஹர் ரஹ்மூனியின் காகிதங்கள் என்றார். போர்க்காலத்தில் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்தவர் தாஹர். மலையிலிருந்த போராளிகளுக்கு மருந்து அனுப்பியதற்காக ஒரு வருடம் பிரெஞ்சுப் படையின் தடுப்பு முகாமில் கிடந்து திரும்பியவர். வஹீபா பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாக எண்ணி ரசீது எழுதினாள். மகன் கையெழுத்துப் போட்டார். அசல் அவருக்கு, கார்பன் நகல் சங்கத்துக்கு.

அந்த வருடம் தேர்வான மாணவி சிஹாமுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இருக்க முடியாது. கெமிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த அந்தப் பெண் எடுத்திருந்த தலைப்பே, போர்க்காலத்தில் மலைக்கு மருந்து போன வழிகள்தான். சனிக்கிழமை வருகிறேன், அதற்குள் பெட்டி தயாராகிவிடுமா என்று தொலைபேசியில் கேட்டாள். தயாராகிவிடும் என்றாள் வஹீபா.

புதன்கிழமை பிற்பகலில், பென்சிலில் எழுதிய ஒரு கடிதம் கைக்கு வந்தது. சிகரெட் அட்டையின் உள்தாளிலும் காகிதப் பைத் துண்டுகளிலுமாக ஏழு தாள். முகாமிலிருந்து தாஹர் தன் மனைவிக்கு, துவைக்கக் கொடுத்த சட்டையின் காலருக்குள் வைத்து அனுப்பியது. வஹீபா வழக்கம்போல முதலில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டாள். பிறகு அட்டவணையில் இரண்டு வரி எழுதுவதற்காகப் படிக்கத் தொடங்கினாள்.

நான்காம் தாளில் இப்படி இருந்தது: “என்னைக் காட்டிக் கொடுத்தவன் யாரென்று கேட்டிருந்தாய். வரிசையில் எங்களை நிறுத்தி வைத்து, தலையில் சாக்கு மாட்டிய ஒருவனைக் கூட்டி வந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் என் முன்னால் நின்று கையை நீட்டினான். கட்டை விரலில் பாதி இல்லாத கை. வண்டிக்காரன் லார்பி ஸெர்ரூக்கி.”

அப்பாவின் கட்டை விரல் வண்டிச் சங்கிலியில் மாட்டி நசுங்கிய கதையை அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

வஹீபா அதற்கு மேல் படிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.  கைப்பையை எடுக்கப் போனவள் நாற்காலியைத் தட்டிவிட்டாள். சாக்குத் தலையன் என்று ஊரில் சொன்னால் இன்றைக்கும் அதற்கு ஒரே அர்த்தம், காட்டிக் கொடுத்தவன். போர் முடிந்த கோடையில் அப்படிப்பட்டவர்களின் வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அவளே ஒரு பெட்டி நிறைய வாக்குமூலம் அடுக்கி வைத்திருக்கிறாள்.

தாளைக் கைப்பைக்குள் வைத்தாள். கதவு வரை போனாள். வெளியே கொண்டுபோக மனம் வரவில்லை. திருடும்போதும் சங்கத்தின் விதி அவளைக் கட்டியது. திரும்பி வந்து, ஒரு திராட்சைத் தோட்டக்காரர் முப்பது வருடம் எழுதிவைத்த மழை அளவுக் குறிப்புகளின் பெட்டியை எடுத்து, அதன் நடுவில் செருகினாள். அந்தப் பெட்டியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பிறகு அழிப்பானை எடுத்து ஐந்து, ஆறு, ஏழு ஆகிய எண்களை அழித்து நான்கு, ஐந்து, ஆறு என்று மாற்றிப் போட்டாள். மலிவான காகிதம், அழித்த இடத்தில் நார் எழுந்து நின்றது. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். படியவில்லை.

சனிக்கிழமை சிஹாம் வந்தாள். கையில் பூதக்கண்ணாடியும் ஒரு பொட்டலம் பாதாம் பிஸ்கட்டும். சுறுசுறுப்பான பெண். எதைப் படித்தாலும் உதடு அசையும். அந்த உதட்டைத்தான் வஹீபா பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நான்கு நாள் மருந்துப் பட்டியல்களிலும் கொள்முதல் கடிதங்களிலும் போயின. அந்த நாட்களில் வஹீபாவால் ரொட்டி விழுங்க முடியவில்லை. சிஹாமின் நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டாலே எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவள் பென்சில் கடிதத்தைக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, “சின்னம்மா, இங்க வந்து பாருங்களேன்” என்றாள். “மூணாந்தாள்ல, யார்னு கேட்டிருந்தியே, சொல்றேன்ங்கற மாதிரி முடிக்கிறார். நாலாந்தாள் எடுத்தவுடனே புள்ளைக்கு இருமல் எப்படி இருக்குன்னு கேக்குறார். நடுவுல எதோ போயிருக்கு.”

“சட்டைக் காலர்ல வெச்சு அனுப்பினது. எங்கயாவது விழுந்திருக்கும்.”

“இருக்கலாம்” என்றாள் சிஹாம். ஆனால் பூதக்கண்ணாடியைக் கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் வஹீபாவை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாளே விஷயம் வேறு வழியாக வெடித்தது. சங்கத் தலைவர் புஅலாம் எண்பதை நெருங்கும் கணக்கு வாத்தியார். ஊரே அவரை ஸி புஅலாம் என்று மரியாதையோடு அழைக்கும். புதிதாக வந்த பெட்டிகளை மாதம் ஒருமுறை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கார்பன் நகலில் வஹீபாவின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது: பென்சில் கடிதம், ஏழு தாள். பெட்டியில் ஆறு. அவர் மூன்று முறை எண்ணினார். ரசீது எழுதியதை வஹீபா சுத்தமாக மறந்திருந்தாள்.

அவள் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பெட்டியைத் தொட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பதினாறு வருடமாக இருக்கிறாள், இன்னொருத்தி வந்து ஒரு வாரம். அவர் சிஹாமை அழைத்து, குரலை உயர்த்தாமல் பேசினார். தாளை எடுத்திருந்தால் இப்போதே கொடுத்துவிடு, படம் எடுக்கக் கொண்டுபோயிருந்தாலும் பரவாயில்லை என்றார். இல்லை என்றாள் அவள். அப்படியானால் மேசைச் சாவியைச் சனிக்கிழமை ஒப்படைத்துவிடு, பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். சிஹாம் அழவில்லை. வஹீபாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததா, உதவி கேட்டதா என்று வஹீபாவுக்குப் பிடிபடவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு அட்டவணைச் சீட்டுகளை அடுக்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் அம்மா குஸ்குஸ் ரவையை ஆவியில் வேக வைத்துவிட்டுப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயது. கண் மங்கல், கை இன்னும் உறுதி. வஹீபா எதிரில் உட்கார்ந்து, அப்பாவைச் சிப்பாய்கள் எப்போதாவது பிடித்துக்கொண்டு போனார்களா என்று கேட்டாள்.

கத்தி நின்றது. “யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. நான்தான் கேக்குறேன்.”

“அம்பது வருஷமா கேக்காதவ இப்ப ஏன் கேக்குற? யாரு வந்தா? எவன் என்ன சொன்னான்?”

அந்தக் குரலிலேயே வஹீபாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஐம்பது வருடமாகக் கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் யாரென்று கேட்டுவிட்டு, பிறகு சன்னலில் பார்த்துவிட்டு, பிறகுதான் திறப்பாள். கிழவியின் பழக்கம் என்று பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

வஹீபா தாளைப் பற்றிச் சொன்னாள். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு தணிந்த குரலில், வண்டியில் மருந்துப் பெட்டி இருந்ததாக அவனைப் பிடித்துக்கொண்டு போனதையும், பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்ததையும் சொன்னாள். கையில் நகம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் குடிக்க மறந்துபோனவன் மாதிரி குவளையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதற்குப் பிறகு லாரி வந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் கூப்பிடாமலே எழுந்து போய் ஏறிக்கொள்வான். அப்படிப் பல மாதம். ஒருநாள் ஊற்றுப் பாதையில் கிடந்தான்.

“யாரு சுட்டா?” என்றாள் வஹீபா.

“நம்ம ஆளுங்கதான், மலையில இருந்தவங்க. யாருன்னும் தெரியும். சுட்டவனும் அடுத்த மாசமே செத்துட்டான். அதனாலதான் சிப்பாய் சுட்டான்னு சொன்னேன். கல்லுல பேர் எழுதும்போது, செத்தவங்க போக மிச்சமிருந்தவங்களும் கேள்வி கேக்கல.” அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். “கொளுத்திரு அதை. நூரதீனுக்குப் புள்ளைங்க இருக்கு. கொளுத்திரு வஹீபா.”

சனிக்கிழமை எட்டு மணிக்கே வஹீபா சங்கத்தைத் திறந்தாள். கணப்பைப் பற்ற வைத்தாள். மழைக் குறிப்புகளின் பெட்டியைப் பிரித்து நான்காம் தாளை எடுத்தாள். கொளுத்துவதற்கு முன் முழுவதையும் படித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெயருக்குப் பிறகும் எட்டு வரி இருந்தது. வசையோ இரக்கமோ, ஏதாவது ஒன்று அதில் இருக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் இல்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு என்று எழுதியிருந்தார் தாஹர். மேல் தட்டில் இருக்கும் நீல ஜாடியை வெறுங்கையால் தொடாதே, அது விஷம். முடிந்தால் புதைத்துவிடு என்று எழுதியிருந்தார். கடைக்குப் புது வாடகை ஆள் பார்க்காதே, நான் வந்துவிடுவேன் என்று முடித்திருந்தார்.

தாளைக் கணப்புக்கு எதிரில் பிடித்துக்கொண்டே நின்றாள். கை அந்தப் பக்கம் போகவில்லை. தைரியம் வந்துவிட்டதால் அல்ல.  இந்த வரிகளை அந்த மனிதன் எவ்வளவு பயத்தோடு எழுதிக் காலருக்குள் தைத்திருப்பான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவ்வளவுதான்.

எட்டரைக்குச் சிஹாம் சாவியோடு வந்தாள். பின்னாலேயே ஸி புஅலாம். வஹீபா தாளை மேசைமேல் வைத்தாள்.

“இதை எடுத்தது நான்தான், ஸி புஅலாம். எண்ணை அழிச்சதும் நான்தான். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார். சிஹாமிடம் மன்னிப்புக் கேட்டார், பெரியவர்கள் சிறியவர்களிடம் வழக்கமாகக் கேட்காத விதத்தில், எழுந்து நின்று கேட்டார். வஹீபாவை அவர் பார்க்கவேயில்லை. கடைசியில் அவளிடம், “சங்கத்துச் சாவியக் குடும்மா” என்றார். அவள் கொடுத்தாள். அவருடைய அண்ணன் அதே முகாமில் இறந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். அவருடைய குடும்பப் பெட்டிக்கும் எண் போட்டவள் அவள்தான்.

அதன் பிறகு வஹீபா வீட்டிலேயே கிடந்தாள். நூரதீன் ஒருமுறை வந்து வாசலிலேயே நின்று, “நாலு பேர் முன்னாடி அப்பன் சட்டையக் கழட்டிட்டல்ல, சந்தோஷமா இரு” என்று சொல்லிவிட்டுப் போனான், அப்புறம் வரவில்லை. ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இறைச்சிக்கடையில் அவள் முறை வந்ததும் பேச்சு நின்றது. இரண்டு முறை யாரோ சன்னல் கதவில் கல் எறிந்தார்கள். கதவு தட்டப்பட்டால் இப்போது அவளும் அம்மாவைப் போலவே முதலில் யாரென்று கேட்டாள்.

ஆறாவது வாரம் தட்டியவள் சிஹாம். கையில் பாதாம் பிஸ்கட். அறைக்குள் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“சங்கத்துல ரெண்டு கூட்டம் சண்டை போட்டாங்க சின்னம்மா. தாள் பெட்டிக்குள்ள இருக்கும். கிட்டத்து சொந்தம் சம்மதிக்காம பேரைப் போடக் கூடாதுன்னு முடிவு. வண்டிக்காரர் ஒருத்தர்னு மட்டும் எழுதுறேன். ஆனா அந்தப் பதினோரு நாளைப் பத்தி எங்கயும் ஒரு வரிகூட இல்ல. சொல்றதுக்கு ஆள் இல்லாம அந்த ஒரு தாள் மட்டும் நின்னா, அதுதான் முழுக்கதைன்னு ஆயிரும்.”

அம்மா வெளியே போ என்றாள். சிஹாம் போனாள். மறுவாரம் திரும்ப வந்தாள். மூன்றாவது முறை வந்தபோது அம்மா தேநீர் கொடுத்தாள். நான்காவது முறை, ஒரு மார்ச் மாதப் பகலில், சன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினாள். நகங்களைப் பற்றி, குவளையைப் பற்றி, வாசலில் நின்ற லாரியைப் பற்றி. பேசும்போது அவள் கை சால்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறை நிறுத்தி, வெளியே யாராவது நிற்கிறார்களா பார் என்று வஹீபாவை அனுப்பினாள். யாரும் நிற்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டாள் சிஹாம்.

“போடு” என்றாள் அம்மா. “பேரில்லாம போட்டா என் புருஷன்னு யாருக்குத் தெரியும்?” அடியில் விரல் ரேகை வைத்தாள்.

வசந்தத்தில் ஸி புஅலாம் ஆளனுப்பி வஹீபாவைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் இல்லாமல் எந்தப் பெட்டியும் எவருக்கும் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். சாவி இனி இரண்டு பேரிடம் இருக்கும், எண் போடும்போது இன்னொருவர் பக்கத்தில் இருப்பார் என்று நிபந்தனை வைத்தார். அவள் சம்மதித்தாள். அவர் அவளோடு பழையபடி பேசியது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். ப்ளிதாவிலிருந்த பல் மருத்துவருக்கு நடந்ததை எல்லாம் எழுதினார்கள். பெட்டி சங்கத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் மாதம் சிஹாமின் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு கெமிஸில் நடந்தது. வஹீபா போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். சிஹாம் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்ட பிறகு போய், கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். சிஹாம் தெளிவாகப் பேசினாள். லார்பி ஸெர்ரூக்கி என்ற பெயரை அவள் சொன்னபோது முன்வரிசையில் ஒரு வயதானவர் திரும்பிக் கூட்டத்தைத் தேடினார். வஹீபாவின் மேல் வந்து நின்றது அவர் பார்வை. அதற்குப் பிறகு சிஹாம் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை.

முடிந்ததும் எழுந்து வெளியேறப் பார்த்தாள். ஆட்கள் கதவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

“நீ வண்டிக்கார லார்பியோட மகளா?”

 “ஆமா” என்றாள்.

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். “எங்கப்பாவும் அந்த வரிசையிலதான் நின்னாரு” என்றார்.

அவள் காத்திருந்தாள்.  அவர் தலையை லேசாக அசைத்தார். அது வணக்கமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைத்தடி தரையில் தட்டும் சத்தத்தோடு கூட்டத்துக்குள் போய்விட்டார். வஹீபா சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிஹாமைத் தேடிப் போய், இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஆய்வின் பிரதியைச் சங்கத்துக்குக் கொடுக்க மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டு, வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.